வளைவில் தொலையும் விநாடிகள்

பந்தயக் காரொன்று தடத்தை ஒருமுறை சுற்றிவர எடுத்த நேரம் என்பது ஓர் எண் மாத்திரமே. அந்த எண் நன்றா, தீதா என்பதை எவரும் சொல்லிவிடலாம். அது ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை அந்த எண்ணிடம் கேட்டுப் பயனில்லை. பிள்ளையின் பெறுபேற்று அட்டையில் ‘கணிதம் 61’ என்று இருந்தால், மீதி 39 புள்ளிகளும் எந்த வினாவில், எந்த வரியில் உதிர்ந்தன என்பது அந்த அட்டையில் இருப்பதில்லை. அதற்கு விடைத்தாளை வாங்கி விரித்துப் பார்க்க வேண்டும். பந்தயக் காரின் விடைத்தாளுக்குத் தொலையளவை என்று பெயர். ஆங்கிலத்தில் டெலிமெற்றி என்பர். இன்று அந்த விடைத்தாளை வாசிக்கக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் பந்தய அணிகளின் பொறியியலாளர்கள் மட்டுமல்லர். வீட்டு அறையில் கணனித் திரைக்கு முன்னால் ஸ்டியரிங் சக்கரமொன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு, மெய்யான கார் ஓட்டும் வயதை இப்போதுதான் எட்டிய எமது பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

கலிபோர்னியாவின் சான் ரமோன் நகரில் இதனை நாம் கண்டோம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிழக்கே, டயப்ளோ மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், 680 ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. 1983 இல்தான் தனி நகரமாயிற்று. இன்று எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். பிஷப் ராஞ்ச் என்னும் பெரிய அலுவலக வளாகமும், அதனை நம்பி மலைச்சரிவுகளில் எழுந்த புதிய வீட்டுத் தொகுதிகளுமே ஊரின் முகம். தமிழர் குடும்பங்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து நேரே வந்த கணனித் துறையினர். தொரன்ரோவிலும் இலண்டனிலும் சில காலம் தங்கி, பின்னர் வேலை தேடி இங்கு வந்து சேர்ந்த ஈழத்துக் குடும்பங்களும் ஆங்காங்கே உள.

இந்த ஊருக்கும் தொலையளவைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 2011 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தனது மென்பொருள் மையத்தை சான் ரமோனில் அமைக்கப் போவதாக அறிவித்தது. விமானங்களின் ஜெற் இயந்திரங்கள், மின்நிலைய விசையாழிகள் ஆகியவற்றில் பொருத்திய உணரிகள் அனுப்பும் அளவீடுகளைத் திரட்டி, எந்த இயந்திரம் எப்போது பழுதடையக்கூடும் என்று முன்கூட்டியே அறிவதே அந்த மையத்தின் பணி. 2015 இல் அது ஜீ.ஈ. டிஜிட்டல் என்ற தனிப் பிரிவாயிற்று. இத்தகைய தொழிலைச் செய்யும் தகப்பன்மார் பலர் இவ்வூரில் உள்ளனர். பகலில் தகப்பன் அலுவலகத்தில் விசையாழியின் வரைபை வாசிக்கின்றார். இரவில் மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பந்தயக் காரின் வரைபை வாசிக்கின்றான். இருவரும் ஒரே கலையைப் பயில்கின்றனர் என்பதைத் தகப்பன் அறிவதில்லை. அவர் காதில் விழுவது இயந்திர இரைச்சல் மட்டுமே. “விளையாட்டு” என்று ஒரு சொல்லில் அவர் அதனை முடித்துவிடுகின்றார்.

விளையாட்டுத்தான். அதில் ஐயமில்லை. எனினும் அது எத்தகைய விளையாட்டு என்பதைச் சற்று அறிதல் வேண்டும்.

மசசூசெற்ஸ் மாநிலத்தில் டேவிட் கேமர் என்பவர் 1987 இல் பாப்பிரஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவர். 1989 இல் அது வெளியிட்ட இண்டியானாபொலிஸ் 500 என்ற கணனி விளையாட்டில் ரயர்களின் பிடிப்பும் காரின் பாரம் இடம்மாறுவதும் கணக்கிடப்பட்டன. அக்காலத்தில் அது புதுமை. அதே கேமர் 2004 இல் ஜோன் ஹென்றி என்பவருடன் இணைந்து ஐரேசிங் நிறுவனத்தை அமைத்தார். 2008 இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மெய்யான பந்தயத் தடங்களை லேசர் கருவிகொண்டு அளந்து, தார்ப் பரப்பின் மேடு பள்ளங்களையும் கணனிக்குள் கொண்டுவருகின்றனர். அதில் ஓடும் கார், விநாடிக்கு 60 முறை தன் நிலையைக் கோப்பொன்றில் எழுதிச் செல்கின்றது: வேகம், அக்சிலேட்டர் எத்தனை வீதம் அழுத்தப்பட்டது, பிரேக் எத்தனை வீதம், ஸ்டியரிங் எத்தனை பாகை, எந்த கியர், தடத்தில் எந்த இடம் என்றவாறு. மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் விநாடிக்கு 50 மீற்றர் கடக்கும். ஆகவே ஒவ்வொரு 83 சென்ரிமீற்றருக்கும் ஒரு பதிவு. நூறு விநாடிச் சுற்றொன்றில் ஒவ்வோர் அளவைக்கும் 6,000 எண்கள்.

இந்த எண்களை வரைபாக மாற்றிக் காட்டும் மென்பொருள்களுள் பெயர்பெற்றது அவுஸ்திரேலியாவின் மோட்டெக் நிறுவனத்தினது. மெய்யான பந்தய அணிகள் பயன்படுத்தும் அதே மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. அசெற்றோ கோர்சா கொம்பெற்றிசியோனே என்ற இத்தாலிய விளையாட்டு அந்த மென்பொருளுக்கான கோப்பை நேரடியாகவே எழுதித் தருகின்றது. ஐரேசிங் கோப்புகளை இடைமாற்றி மென்பொருளொன்றின் மூலம் திறக்கலாம். பொறியியலாளனுக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் இடையே கருவியால் வேற்றுமை இல்லை என்ற நிலை இதனால் தோன்றியுள்ளது. வேற்றுமை வாசிக்கும் திறனில் மட்டுமே.

நாம் சென்ற வீடு யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றினது. மூத்த மகனுக்கு வயது பதினாறு. தகப்பனுக்கு விசையாழிகளின் அதிர்வுப் பதிவுகளை ஆராய்வது தொழில். மகனின் கணிதப் புள்ளி குறைந்ததைத் தொடர்ந்து, ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றிக் கராஜில் வைப்பதா என்ற விவாதம் அந்த வீட்டில் மூன்று கிழமைகளாக நடந்துகொண்டிருந்தது. தாயார் நடுநிலை. “இரண்டு பேரும் ஒரே மாதிரி. ஆருக்கும் ஆரும் விட்டுக்குடுக்க மாட்டினம்” என்று அவர் தேநீர் வைத்துவிட்டு நகர்ந்தார்.

மகன் ஓட்டுவது மாஸ்டா மியாட்டா என்னும் சிறு பந்தயக் கார். தடம் லகூனா செக்கா. இது மொன்ரறேக்கு அருகில், சான் ரமோனிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள மெய்யான தடமே. 1957 இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.6 கிலோமீற்றர், 11 வளைவுகள். அவற்றுள் எட்டாவது உலகப் பிரசித்தம் பெற்றது. தக்கைத் திருகி என்று பொருள்படும் கோர்க்ஸ்குறூ என்பது அதன் பெயர். மேட்டில் ஏறிவரும் சாரதிக்கு முன்னால் வானம் மாத்திரமே தெரியும். இடப்புறம் திரும்பியதும் தரை காலடியில் இறங்கிவிடும். சுமார் 137 மீற்றர் தூரத்துக்குள் 18 மீற்றர் வீழ்ச்சி. ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்குவதற்கு ஒப்பானது.

அனுபவம் மிக்க நண்பனொருவன் அதே காரில் அதே தடத்தில் ஓட்டிய சுற்றை மகன் ஒப்புநோக்குக்கு எடுத்துக்கொண்டான். தனது சிறந்த சுற்று அதைவிட 1.4 விநாடி மெதுவானது. அந்த 1.4 விநாடியும் கோர்க்ஸ்குறூவிலேயே தொலைகின்றது என்பதில் அவனுக்குச் சிறிதும் ஐயமிருக்கவில்லை. அச்சம் தருவது அந்த வளைவுதானே! அதனால் இரவு இரவாக அந்த ஒரு வளைவையே பயின்றான். நேரம் குறையவில்லை.

இங்கேதான் தொலையளவை வாசிப்பின் முதற் பாடம் வருகின்றது. இரண்டு சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது கிடைக்கோட்டில் நேரத்தை இடலாகாது, தூரத்தை இடவேண்டும். நேரத்தை இட்டால் நாற்பதாவது விநாடியில் ஒருவன் ஐந்தாம் வளைவிலும் மற்றவன் அதற்கு முன்னரும் நிற்பான், ஒப்பிட ஒன்றுமில்லை. தூரத்தை இட்டால் ஒவ்வோர் இடத்திலும் இருவரும் என்ன செய்தனர் என்பது ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். அதன்கீழ் நேர வேறுபாட்டு வரைபை இடுவர். தொடக்கக் கோட்டில் பூச்சியத்தில் தொடங்கும் அந்தக் கோடு, முடிவில் 1.4 இல் வந்து நிற்கும். பார்க்க வேண்டியது அதன் உயரத்தை அன்று, சரிவை. கோடு மட்டமாகச் செல்லுமிடத்தில் இருவரும் சமம். கோடு ஏறுமிடத்தில் நேரம் ஒழுகுகின்றது. செங்குத்தாக ஏறினால் அவ்விடத்தில் பானை உடைந்திருக்கின்றது.

அந்தப் பையனின் வரைபு காட்டியது இது: கோர்க்ஸ்குறூவில் இழப்பு 0.15 விநாடி. ஆறாம் வளைவிலும் அதற்கடுத்த ஏற்றத்திலும் 0.6. கடைசி வளைவான பதினொன்றிலும் அதனையடுத்த நேர்ப்பாதையிலும் 0.4. எஞ்சிய கால் விநாடி ஏனைய இடங்களில் சிதறிக் கிடந்தது. அஞ்சிய இடத்தில் அவன் கவனமாக இருந்தான். ஆகையால் அங்கு இழக்கவில்லை. அஞ்சாத இடத்தில் ஒரு முழு விநாடி போயிற்று.

மனித நினைவு இவ்வாறுதான். அதிர்ச்சி தந்ததைப் பெரிதாக்கும். அமைதியாக நடந்ததை மறக்கும். முன்பின் வரிசையை மாற்றும். அகதி விண்ணப்ப விசாரணையில் அதிகாரியின் முன் அமர்ந்த எம்மவருக்கு இது புதிதன்று. முன்னுக்குப்பின் முரண் என்று எழுதி நிராகரித்த தீர்ப்புகள் எத்தனையோ. அந்த விண்ணப்பதாரிகளிடம் விநாடிக்கு 60 முறை எழுதிவைத்த கோப்பு இருக்கவில்லை.

இழந்த இடம் தெரிந்தது. காரணம் யாது? பையன் வேக வரைபைப் பார்த்தான். ஆறாம் வளைவுக்குப் பிந்திய ஏற்றம் முழுவதும் அவனது வேகம் மணிக்கு 3 கிலோமீற்றர் குறைவு. உடனே, “என்னுடைய கார் மேட்டில் இழுக்கவில்லை” என்றான். கற்போர் பெரும்பாலும் விழும் குழி இது. விளைவைக் காரணமென்று கொள்வது. இயந்திரம் இருவருக்கும் ஒன்றே.

நாம் அங்கிருந்த அந்த மாலையில் தகப்பன் கதவருகே வந்து நின்றார். முதலில் திரையைப் பார்த்தது பிள்ளையைக் கண்டிக்கும் நோக்குடன்தான். பின்னர் அவரது முகம் மாறியது. அது அவர் நாள்தோறும் பார்க்கும் சித்திரம். இரண்டு கோடுகள் ஒன்றாக வந்து ஓரிடத்தில் பிரிகின்றன. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

“தம்பி, வித்தியாசம் எங்கை கூட எண்டு தேடாதை. எங்கை முதல் பிரியுது எண்டு பார். பிறகு வாறதெல்லாம் அதின்ரை விளைவு.”

பிரிந்த இடம் ஏற்றத்தில் இல்லை. வளைவுக்கு முன்னரேயே இருந்தது. நண்பன் பிரேக்கைச் சற்றே தொட்டு, விரைவில் மெல்ல விடுவித்திருந்தான். இவன் அதே இடத்தில் பிரேக்கை அழுத்தத் தொடங்கினாலும், இருமடங்கு அழுத்தி, நெடுநேரம் பிடித்திருந்தான். வளைவின் நடுவில் மிகக் குறைந்த வேகம் நண்பனைவிட 6 கிலோமீற்றர் குறைவு. அதன்பின் அக்சிலேட்டரை அழுத்துவதற்கு முன்பாக அரை விநாடிக்கு மேல் இரண்டு பாதங்களும் சும்மா இருந்தன. பிரேக்கும் இல்லை, அக்சிலேட்டரும் இல்லை. பந்தயச் சாரதிகள் மிகவும் வெறுக்கும் காட்சி அது. வளைவை விட்டு வெளியேறும்போது இழந்த வேகம், மேடு முடியும்வரை கூடவே வருகின்றது.

கணக்கு எளிது. 400 மீற்றர் நீளமான நேர்ப்பாதையொன்றை மணிக்கு 143 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 10.07 விநாடி, 140 கிலோமீற்றரில் 10.29 விநாடி. மூன்று கிலோமீற்றர் குறைவுக்கு விலை விநாடியில் ஐந்திலொரு பங்கு. வளைவில் செய்த தவறுக்கு நேர்ப்பாதை வட்டி வாங்குகின்றது.

“இதிலை ஏன் இவ்வளவு பிரேக்?” என்று தகப்பன் கேட்டார்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பழகத் தொடங்கிய முதற் கிழமையில் அந்த வளைவில் பலமுறை தடத்தை விட்டு வெளியே போய் மோதியதாகப் பின்னர் சொன்னான். அவன் மறந்துவிட்டான். கால் மறக்கவில்லை.

பிரேக் வரைபின் வடிவத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்வது தகும். இக்கலையின் சாரம் அதிலேயே உள்ளது. ரயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை ஒரு வட்டமாக எண்ணிக்கொள்க. வட்டத்தின் நிலைக்குத்து அச்சில் பிரேக். கிடை அச்சில் திருப்பம். முழுப் பிடிப்பையும் பிரேக்குக்குக் கொடுத்தால் திருப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. திருப்பத்துக்கு 0.6 பங்கு தேவையெனில் பிரேக்குக்கு மிஞ்சுவது 0.4 அன்று, 0.8 ஆகும். 0.6 இன் வர்க்கமும் 0.8 இன் வர்க்கமும் கூடி ஒன்றாகும். பாடசாலையில் நாம் செங்கோண முக்கோணியில் கற்ற பைதகரஸ் தேற்றமே இங்கு ரயருக்கு அடியில் நிற்கின்றது. ஆகவே ஸ்டியரிங் சிறிது சிறிதாகத் திரும்பும்போது பிரேக்கும் சிறிது சிறிதாக விடுபட வேண்டும். தேர்ந்த சாரதியின் பிரேக் வரைபு ஒரு செங்குத்துச் சுவராக எழுந்து, பின்னர் மலைச்சரிவுபோல் நீண்டு இறங்கும். கற்றுக்குட்டியினது பெட்டிபோல் இருக்கும்: எழும்பும், மட்டமாக ஓடும், பொத்தென்று விழும். பெட்டியின் மூலையில், பிரேக் திடீரென விடுபட்ட கணத்தில், முன்சக்கரங்களின் மேலிருந்த பாரம் பின்னுக்குப் போகின்றது. கார் திரும்ப மறுக்கின்றது.

அக்சிலேட்டர் வரைபுக்கும் அவ்வாறே ஒரு முகம் உண்டு. பதினோராம் வளைவில் பையனின் வரைபு இரம்பப் பற்கள்போல் இருந்தது: அவசரப்பட்டு அழுத்துகின்றான், பின்சக்கரம் வழுக்குகின்றது, விடுகின்றான், மறுபடி அழுத்துகின்றான். நண்பன் கால் விநாடி தாமதித்து, ஒரே மூச்சில் முழுதும் அழுத்தியிருந்தான். முந்தி அழுத்தியவன் பிந்தினான். ஸ்டியரிங் வரைபைப் பார்த்தால் அதே இடத்தில் சிறு நடுக்கங்கள். ஒரு தவறு மூன்று வரைபுகளில் மூன்று கையெழுத்துகளில் எழுதப்பட்டிருக்கின்றது. மூன்றையும் சேர்த்து வாசிப்பவனுக்கே அது ஒரு தவறு என்பது புலனாகும்.

விரிவுரை மண்டபத்தில் வகைநுண்கணிதம் விளங்காமல் கொட்டாவி விட்ட மாணவர்களை நாம் நிறையக் கண்டிருக்கின்றோம். வேக வரைபின் சரிவு ஆர்முடுகல் என்பதையும், நேரத்துக்கெதிரான வேக வரைபின் அடியிலுள்ள பரப்பு கடந்த தூரம் என்பதையும் கரும்பலகையில் எழுதினால் அது சூத்திரம். தன் கால் செய்த காரியம் சரிவாக எழுந்து நிற்பதைக் கண்டவனுக்கு அது செய்தி. கணிதப் புள்ளி குறைந்ததற்கு ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றுவது பொருத்தமான வைத்தியந்தானா என்பதை அந்தத் தகப்பனே அன்றிரவு யோசித்திருப்பார்.

எனினும் வரைபு தானாகப் பேசிவிடும் என்று எண்ணுதல் கூடாது. 1994 மே 1 ஆந் திகதி இத்தாலியின் இமோலா தடத்தில் அயர்ட்டன் சென்னா உயிரிழந்ததை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பர். மணிக்கு சுமார் 310 கிலோமீற்றர் வேகத்தில் தம்புறெல்லோ வளைவில் தடத்தைவிட்டு விலகிய கார், இரண்டு விநாடிக்கும் குறைவான நேரத்தில் சுவரில் மோதியது. அந்த வில்லியம்ஸ் காரின் பதிவுகள் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. ஸ்டியரிங் தண்டு முறிந்தமையே காரணம் என்று வழக்குத் தொடுநர் தரப்பு அவற்றை வாசித்தது. தண்டு மோதலில்தான் முறிந்தது, காரின் அடிப்பாகம் தரையில் உராய்ந்து பிடிப்பு இழந்ததே காரணம் என்று அணியினர் வாசித்தனர். ஒரே பதிவு, ஒரே விநாடிகள். 1997 இறுதியில் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். மேன்முறையீடுகள் 2007 வரை நீண்டன. பதிவு என்ன நடந்தது என்பதைச் சொல்லும். ஏன் என்ற வினாவுக்கு வாசிப்பவனே விடையைக் கட்டியெழுப்ப வேண்டும்.

முடிவு எண் மறைப்பதற்கு எமது கைக்கெட்டிய சான்றும் உண்டு. கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, போர்முலா வண் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19 இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் அவர் நான்காமிடம் பெற்று 5 புள்ளிகளை ஈட்டினார். பெறுபேற்று அட்டையில் இவ்வளவே. மிச்சலின் நிறுவனத்தின் ரயர்கள் பதின்மூன்றாம் வளைவின் சாய்தளத்தில் தாங்கமாட்டா என்று தெரியவந்ததால், அந்த ரயர் பூட்டிய 14 கார்கள் தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொண்டன; ஓடியவை ஆறே கார்கள். இதனால் அவரது சாதனை சிறிதாகிவிடாது. எண்ணின் பின்னால் கதை இருக்கின்றது என்பதற்காகவே சொன்னோம். சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் ஓடிய தலைமுறை, நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்த தலைமுறை. இருங்காட்டுக்கோட்டைத் தடமும், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவரதனின் பெயர் தாங்கிய தடமும் வந்தபின் தமிழகத்தில் இத்துறை வேறு கட்டத்தை அடைந்தது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி டுபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, புலம்பெயர்ந்த வீடுகளில் பந்தயக் காரைப் பற்றி முதன்முறையாகப் பேசிய தாய்மாரும் உண்டு. சில நாட்களுக்கு முன் பயிற்சியில் அவரது கார் சுவரில் மோதிச் சுழன்ற காட்சியைக் கண்டு பதறியவர்களும் அவர்களே.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. நல்ல ஸ்டியரிங் சக்கரமும் பாதக் கட்டைகளும் நூற்றுக்கணக்கான டொலர் கேட்கும், ஆயிரங்களும் கேட்கும். வேலை அனுமதிக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இது கனவிலும் வராத செலவு. ஆயினும் இக்கலையில் விலை உயர்ந்த பகுதி ஓட்டுவதுதான், வாசிப்பது அன்று. ஸ்பீட் டிறீம்ஸ் என்னும் கார்ப் பந்தய மென்பொருள் இலவசம். அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கின்றது. பிறர் ஓட்டிய சுற்றின் பதிவை வாங்கி, அட்டவணை மென்பொருளில் இட்டு, வரைபு வரைந்து பழகலாம். நூலகக் கணனியே போதும். இரண்டு சுற்று, வேகம், தூரம். இந்த மூன்றைக்கொண்டே நேர வேறுபாட்டுக் கோட்டைக் கையால் கணக்கிட முடியும். அவ்வாறு ஒருமுறை கையால் கணக்கிட்டவன், ஆயத்தமாக வரைந்து தரும் மென்பொருளை மட்டும் பார்த்தவனைவிட ஆழமாக அறிவான் என்பது எமது கருத்து.

தொடங்குவோருக்கு இன்னொன்று. தன்னைவிட ஐந்து விநாடி வேகமானவனின் சுற்றை எடுத்து ஒப்பிடுவதில் பயன் குறைவு. எல்லா இடமும் தவறாகத் தெரியும், மனம் சோர்ந்துவிடும். தன் பத்துச் சுற்றுகளைத் தானே ஒப்பிடுதல் நன்று. ஒரு வளைவின் மிகக் குறைந்த வேகம் பத்துச் சுற்றிலும் ஒரு கிலோமீற்றர் வித்தியாசத்துக்குள் இருந்தால் அந்த வளைவை அவன் அறிவான். வேகம் போதாதிருக்கலாம், அது வேறு. எட்டுக் கிலோமீற்றர் வித்தியாசம் இருந்தால் அவன் அங்கு ஓட்டவில்லை, அதிர்ஷ்டத்தைச் சோதிக்கின்றான்.

இனி, பெற்றோரின் உண்மையான அச்சத்துக்கு வருவோம். திரையில் வேகமாக ஓட்டும் பிள்ளை தெருவிலும் அவ்வாறே ஓட்டுமா? இக்கேள்வியை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்க முடியாது. திரையில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். 680 ஆம் நெடுஞ்சாலையில் அந்தப் பொத்தான் இல்லை. தகப்பன் இதனை மகனிடம் புத்திமதியாகச் சொல்லவில்லை. தாளொன்றில் கணக்கிடச் சொன்னார். மணிக்கு 65 மைல் வேகத்தில் கார் விநாடிக்கு 29 மீற்றர் செல்லும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று கொள்க: 44 மீற்றர் போய்விட்டது. பின்னர் 0.7 ஜீ வீதத்தில் நிறுத்தினால் இன்னும் 61 அல்லது 62 மீற்றர். மொத்தம் சுமார் 105. அதே கணக்கை 85 மைலுக்குச் செய்தால் 57 மீற்றரும் 105 மீற்றருமாக, 162. வேகம் மூன்றிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே கூடியது. பிரேக் பிடிக்கும் தூரம் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. வேகத்தின் வர்க்கம் என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். பையன் தாளை இரண்டு தடவை பார்த்தான். “திரையில் முன்னால் ஆரும் குறுக்கே வருவதில்லை, ஒன்றரை விநாடி செலவாவதும் இல்லை” என்று அவனாகவே சொன்னான்.

கலிபோர்னியாவில் பதினைந்தரை வயதில் பழகுநர் அனுமதி பெறலாம். ஆறு மாதம் அதனை வைத்திருந்து, 50 மணி நேரம் பெரியவரொருவர் பக்கத்தில் இருக்க ஓட்டிப் பழகியபின், பதினாறில் தற்காலிக அனுமதிப் பத்திரத்துக்குப் பரீட்சை எடுக்கலாம். அந்த 50 மணியில் 10 மணி நேரம் இரவில் ஓட்டியதாக இருத்தல் வேண்டும். பத்திரம் கிடைத்தாலும் முதல் 12 மாதங்களுக்கு இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை தனியே ஓட்டலாகாது. 20 வயதுக்குக் குறைந்த நண்பர்களைத் தனியே ஏற்றிச் செல்லவும் ஆகாது.

அந்த வீட்டில் இப்போது குடும்பக் காரின் முன்தட்டில் ஒரு கைத்தொலைபேசி அசையாமல் ஒட்டப்பட்டிருக்கின்றது. கைத்தொலைபேசிக்குள்ளேயே ஆர்முடுகலை அளக்கும் உணரி உண்டு. மகன் ஓட்ட, தகப்பன் பக்கத்தில் இருக்க, பின் ஆசனத்தில் தாயார். வீடு திரும்பியதும் தகப்பனும் மகனும் அந்தப் பதிவைத் திரையில் விரிக்கின்றனர். இங்கே தேடுவது வேகத்தை அன்று. பிரேக் எங்காவது 0.3 ஜீயைத் தாண்டியதா, தாண்டியிருந்தால் முன்னால் இருந்ததை எத்தனை விநாடி பிந்திக் கண்டான் என்பதைத் தேடுகின்றனர். தாண்டிய இடங்களைத் தாயார் வரைபு பார்க்காமலே சொல்லிவிடுகின்றார் என்று மகன் முறையிட்டான். முதல் மாதத்தில் ஒரு பயணத்துக்கு ஏழெட்டு இடங்கள். நாம் விடைபெற்ற கிழமையில் அது இரண்டாகியிருந்தது. இரண்டுமே குறோ கன்யன் வீதியின் ஒரே சந்தியில். இரவுப் பயிற்சி 10 மணி நேரத்தில் இன்னும் ஆறு மணி நேரம் மீதியிருக்கின்றது. ஸ்டியரிங் சக்கரம் கராஜுக்குப் போகவில்லை.